ஆலை மருத்துவ மையத்தை யாரிடம் ஒப்படைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாக ஆலைகளில் நிர்வாகப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஆலைக்குள் இயங்கும் மருத்துவ மையத்தை, அதாவது நாம் எல்லோரும் ஓ.எச்.சி. (ஆக்குபேஷனல் ஹெல்த் சென்டர்) என்று சொல்கிற அந்த அறையை, நடத்தித் தர வென்டர் தேடும் வேலை மூன்று முறை என் தலையில் விழுந்தது. முதல் முறை மோசமாகத் தேர்ந்தெடுத்தேன். அதற்கப்புறம் கொஞ்சம் புத்தி வந்தது. இப்போது அந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

ஓ.எச்.சி. என்றால் ஃபர்ஸ்ட் எய்டு ரூம்தானே? அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

முதலுதவி என்பது அதில் ஒரு பகுதி. 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறை என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு. (அந்தப் பெட்டியில் விதியில் சொன்ன பொருள்களைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான் பார்த்த பெட்டிகளில் பாதியில் லாக்கர் சாவியும் டீ டோக்கனும்தான் இருந்தன.)

போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் வந்த திருத்தம்தான் இதைப் பெரிதாக்கியது. அபாயகரமான செய்முறை உள்ள ஆலை என்றால், வேலையில் அமர்த்துவதற்கு முன்பும், அந்த வேலையில் இருக்கும் வரை 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும், அந்த வேலையை விட்ட பிறகும் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். பெயின்ட் ஷாப், பிளேட்டிங், ஃபவுண்டரி, பேட்டரி என்று எதில் இருந்தாலும் இது உங்களைத் தொடும்.

இப்படிப்பட்ட ஆலையில் எத்தனை பேருக்கு எத்தனை டாக்டர் என்பதைப் பல மாநில விதிகள் 50, 200 என்ற படிகளில் வைத்திருக்கின்றன. 50 வரை அழைக்கும்போது வரும் டாக்டர், 200 வரை பகுதி நேர டாக்டர், அதற்கு மேல் முழு நேர டாக்டர். உங்கள் ஆலைக்குப் பொருந்தும் எண்ணைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். டெண்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இது. வென்டரைக் கேட்டால் தன்னிடம் எத்தனை டாக்டர் இருக்கிறாரோ அதுதான் சட்டம் என்பார்.

புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டனவே, பழையது செல்லுமா?

பழைய சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இடைக்காலத்தில் பழைய விதிகளும் தொடரும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 500 பேருக்கு ஆம்புலன்ஸ் அறை என்பது புதியதிலும் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடம் ஒரு முறை இலவசப் பரிசோதனை என்பது கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் “சட்டம் மாறினால் பரிசோதனை எண்ணிக்கையும் விலையும் இந்தக் கணக்கில் மாறும்” என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடு வருடத்தில் பேரம் பேச வேண்டி வரும்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. இருக்கிறது. அது போதாதா?

போதாது. இ.எஸ்.ஐ. நோய்க்கும் விபத்துக்கும் சிகிச்சை தருகிற ஏற்பாடு. நீங்கள் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறீர்கள். பிரஸ் ஷாப் சத்தத்தில் ஒருவருடைய காது மெல்ல மந்தமாவதை அது வந்து கண்டுபிடிக்காது. இன்னொன்று, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. புதிதாகச் சேர்கிற டிப்ளமோ பையன் உள்ளே இருப்பான், பதினைந்து வருடம் வேலை பார்த்த ஆபரேட்டர் வெளியே போயிருப்பார். வென்டரிடம் இரண்டு வகை ஆட்களின் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொடுங்கள். அடிபட்டவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதே இதைப் பொறுத்து மாறும்.

நாமே டாக்டர், நர்ஸ் வைத்துக்கொண்டால் என்ன?

தாராளமாக வைக்கலாம். நல்ல டாக்டர் கிடைத்தால் அதுவே மேல் என்பது என் கருத்து. சிக்கல் என்னவென்றால் நர்ஸ் லீவு போட்டால் மாற்று ஆள் உங்களிடம் இருக்காது. வென்டருக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த மாற்று ஆளுக்காகத்தான். அதைத் தர முடியாத வென்டர் வெறும் சம்பளம் பட்டுவாடா செய்கிற ஏஜென்ட்.

எந்த மாதிரி வென்டர்கள் வருவார்கள்?

பெரிய மருத்துவமனையின் கார்ப்பரேட் பிரிவு, ஓ.எச்.சி. நடத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனி, ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்து பிறகு நர்ஸையும் சேர்த்துக்கொண்டவர், உள்ளூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். மருத்துவமனை வந்தால் பெயர் நன்றாக இருக்கும், ஆனால் எல்லா நோயாளியும் அவர்கள் மருத்துவமனைக்கே போவார்கள். உள்ளூர் டாக்டர் போன் எடுப்பார், ஆனால் மூன்று ஷிப்டுக்கு ஆள் தர முடியாது. பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆலையில் வந்து உட்காரப் போவது யார் என்பதுதான் விஷயம். அந்த ஆட்களை நேரில் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

டாக்டருக்கு எம்.பி.பி.எஸ். போதுமா?

ஆலை மருத்துவ அதிகாரிக்கு எம்.பி.பி.எஸ்.ஸோடு ஏ.எஃப்.ஐ.எச். என்கிற மூன்று மாதத் தொழில் சுகாதாரப் படிப்பும் வேண்டும். மும்பையில் உள்ள மத்திய தொழிலாளர் நிறுவனம் நடத்துகிறது. சில மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. சான்றிதழின் நகலை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஏ.எஃப்.ஐ.எச். முடித்த ஒரே டாக்டரின் பெயரை ஏழெட்டு ஆலைகளின் டெண்டரில் காட்டிவிட்டு, வேறு ஒருவரை அனுப்புவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. டாக்டரின் பெயரையும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், அவர் வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு ஆலையில் இருப்பார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேட்டில் பதிவாகும் அவருடைய வருகை நேரத்தை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும் என்றும் எழுதுங்கள்.

ஒரே வேலைக்கு ஒருவர் கேட்பதில் பாதிக்கு இன்னொருவர் கொட்டேஷன் தருகிறார். எப்படி?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மூன்று ஷிப்ட், வாரம் ஏழு நாள் என்றால் 21 ஷிப்ட். ஒரு நர்ஸ் வாரத்துக்கு ஆறு ஷிப்ட்தான் வர முடியும். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. லீவு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்காலி எந்நேரமும் நிரம்பியிருக்க நான்கு பேர் வேண்டும், மாற்றுக்கு ஒருவரும் கையில் இருக்க வேண்டும். பாதி விலைக்காரரின் தாளைப் பாருங்கள், “நர்ஸ்: 3” என்றிருக்கும். அந்த மூன்று பெண்களும் மாதம் பல நாள் 16 மணி நேரம் உட்காரப் போகிறார்கள் என்று அர்த்தம். என் முதல் தேர்வில் நான் இந்த வகுத்தலைப் போடவில்லை. பர்ச்சேஸ்காரர்கள் எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை, என்றார்கள், நானும் தலையாட்டினேன். நான்காவது மாதம் ஒரு விடியற்காலை அடிபட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு போனால், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்த நர்ஸ் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அதனால் மொத்தத் தொகையாகக் கொட்டேஷன் வாங்காதீர்கள். நர்ஸின் கைக்குப் போகும் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், மாற்று ஆள் செலவு, மருந்து, கருவி, வென்டரின் சேவைக் கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். நர்ஸ் சம்பளத்துக்கு ஒரு கீழ் எல்லையை நீங்களே நிர்ணயித்து, எல்லோரும் சேவைக் கட்டணத்தில் மட்டும் போட்டி போடட்டும் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வென்டர் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அது உங்கள் தலையில்தான் வந்து நிற்கும்.

நர்ஸ்களின் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் வென்டர்களும் உண்டு. நேர்காணலின்போது தனியாகக் கேளுங்கள், “ஒரிஜினல் யாரிடம்மா இருக்கிறது?” என்று. பதில் தயக்கமாக வந்தால் அந்த வென்டர் வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மருத்துவ சேவைக்கு விலக்கு உண்டு, ஆள் சப்ளை என்றால் 18 சதவீதம். எந்தத் தலைப்பில் பில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் மலிவான கொட்டேஷன் முதல் பில்லிலேயே விலையேறிவிடும்.

நர்ஸை நேர்காணலில் என்ன கேட்பது? எனக்கு மருத்துவம் தெரியாதே.

மூன்று கேள்வி போதும். பக்கத்தில் தெரிந்த டாக்டர் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பிரஸ்ஸில் விரல் துண்டாகிவிட்டது, துண்டை என்ன செய்வீர்கள்? சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போடுவேன் என்றால் தவறு. அப்புறம், எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருப்பது இந்தப் பக்கத்தில் வேலை செய்கிற நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டு: கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்துவிட்டது. “டாக்டரைக் கூப்பிடுவேன்” என்பது இரண்டாவது பதிலாக வரட்டும். முதல் பதில் தண்ணீர், குறைந்தது பதினைந்து நிமிடம்.

மூன்று: ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு எரிகிறது, கேஸ் மாத்திரை கொடுங்கள் என்று ஐம்பது வயதுக்காரர் வருகிறார். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறவர் வேண்டாம். உட்கார வைத்து இ.சி.ஜி. எடுக்கிறவர் வேண்டும்.

இரவில் டாக்டர் இல்லை. நர்ஸ் மாத்திரை கொடுக்கலாமா?

டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட நிலையாணை இருக்க வேண்டும். எந்த அறிகுறிக்கு எது, எத்தனை, எப்போது உடனே போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவு போனுக்குப் பதில் சொல்ல ஒரு டாக்டரின் பெயர் இருக்க வேண்டும். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி நர்ஸ் கூட இருந்து வீடியோவில் நோயாளியை டாக்டரிடம் காட்டலாம். டெண்டர் நடக்கும்போதே ஒரு ராத்திரி அந்த எண்ணுக்கு நீங்களே அடித்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் தனியாக வேண்டுமா? 108 இருக்கிறதே.

108 நல்ல சேவை, 2008 முதல் தமிழ்நாட்டில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது உங்கள் கேட்டில் நிற்பதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அபாயகரமான செய்முறை இருந்தால் சொந்த வண்டிதான் சரி. சின்ன ஆலைகள் பக்கத்து ஆலையோடு பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

வண்டியில் பார்க்க வேண்டியது: ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டர், டிஃபிப்ரிலேட்டரின் (நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி) பேட்டரி தேதி, வண்டியின் எஃப்.சி. தேதி, அப்புறம் டிரைவர் வேறு வேலைக்கும் போகிறாரா என்பது. மேனேஜரை ஏர்போர்ட்டில் விட ஆம்புலன்ஸ் டிரைவரை அனுப்புகிற ஆலைகளை நான் அறிவேன்.

வருடாந்திர பரிசோதனையை ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறாரே?

800 பேரை ஒரே நாளில் பார்க்கலாம், பரிசோதிக்க முடியாது. காதுப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் புகாத பூத் வேண்டும். கருவிக்கு வருடாந்திர கேலிபிரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு, வேண்டும். முதல் அடிப்படைப் பரிசோதனை என்றால் தொழிலாளி குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலில் இல்லாமல் வந்திருக்க வேண்டும். கான்டீனுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, நேராக பிரஸ் ஷாப்பிலிருந்து வந்தவரின் காதில் ஹெட்போனை மாட்டினால் வரும் வரைபடம் எதற்கும் உதவாது. அதைவிட மோசம், எல்லோருக்கும் “நார்மல்” என்று வருவது. 90 டெசிபலுக்கு மேல் ஓடுகிற ஷாப்பில் ஒருவருக்குக்கூடக் காதில் குறை இல்லை என்றால் நான் கருவியைத்தான் சந்தேகப்படுவேன்.

டெண்டரில் “மாஸ்டர் ஹெல்த் செக்கப்” என்று எழுதாதீர்கள். வேலைக்கு ஏற்றபடி எழுதுங்கள். பெயின்ட் ஷாப்புக்கும் ஃபவுண்டரிக்கும் நுரையீரல் பரிசோதனை, ஃபவுண்டரிக்கு மார்பு எக்ஸ்ரேயும். ஈயம் கையாள்பவருக்கு ரத்தத்தில் ஈய அளவு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குக் கண், நிறம் பிரித்தறிதல். உயரத்தில் ஏறுபவருக்கு ரத்த அழுத்தம், வலிப்பு, தலைச்சுற்றல் பற்றிய விசாரணை. ரத்த மாதிரி எந்த லேபுக்குப் போகிறது, அதற்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. தொழில் சார்ந்த நோய் என்று சந்தேகம் வந்தால் டாக்டர் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சிலிக்கோசிஸ், ஈய நச்சு, இரைச்சலால் வரும் காது மந்தம், ரசாயனத்தால் வரும் தோல் அழற்சி எல்லாம் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. “அந்த மாதிரி கேஸ் எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறோம் சார்” என்று ஒரு வென்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அதைச் சேவையாக நினைத்துத்தான் சொன்னார். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ரிப்போர்ட்டை எச்.ஆர். பார்க்கலாமா?

“இந்த வேலைக்குத் தகுதி”, “இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி”, “தற்காலிகமாகத் தகுதியில்லை”. எச்.ஆருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். சுகர் எவ்வளவு, யார் கர்ப்பம், யார் மனநல மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் டாக்டரின் அலமாரியில் இருக்க வேண்டும். அபாயகரமான செய்முறையில் இருக்கும் தொழிலாளிக்குத் தன் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. நடைமுறையில் எல்லாம் தலைகீழ். எச்.ஆர். மெயிலில் எக்செல் வந்துவிடும், தொழிலாளிக்கு ஒரு தாளும் கிடைக்காது. 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய் என்று நிர்வாகத்துக்குச் சொல்லிப் பாருங்கள், அந்த எக்செல் நின்றுவிடும்.

டாக்டரை லீவு போலீஸாக்குவதும் இதே வகைதான். “இவன் நடிக்கிறானா பாருங்கள் டாக்டர்” என்று சூப்பர்வைசர் அனுப்ப ஆரம்பித்தால், உண்மையான நெஞ்சு வலிக்காரர்கூட ஓ.எச்.சி. பக்கம் வரமாட்டார்.

காண்ட்ராக்ட் ஆட்கள், டிரெய்னிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

ஆம். கம்பெனி ரோலில் உள்ள நிரந்தர ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் கொடுத்து விலை வாங்கினால், வாசலில் “நீ எந்தக் காண்ட்ராக்டர்?” என்று நர்ஸ் கேட்பதில் போய் முடியும். வடமாநில ஆட்கள் அதிகம் இருந்தால் இந்தி பேசத் தெரிந்த நர்ஸ் ஒருவராவது இருக்கட்டும்.

ஊசி, பஞ்சுக் கழிவு?

மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, நிறம் பிரித்த பைகள், கழிவு எடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம். அனுமதி யார் பெயரில் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரத்தம் பட்ட பஞ்சை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது?

பதிவேடுகள் ஆலையின் சொத்து என்பதை. வென்டர் மாறும்போதுதான் இதன் அருமை தெரியும். பழைய வென்டரின் சாஃப்ட்வேரில் ஐந்து வருடக் காதுப் பரிசோதனை மாட்டிக்கொண்டு, அதைத் திறக்க அவர் காசு கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உங்களால் திறக்க முடிகிற வடிவில், டாக்டரின் பாதுகாப்பில் நகல் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஆள் வராத ஷிப்டுக்குப் பிடித்தம், மாற்று டாக்டருக்கு உங்கள் ஒப்புதல், நல்ல நர்ஸை அடுத்த வென்டரிடமும் தொடர விடும் பத்தி, இவையும் வேண்டும். அபராதத்தை அதிகம் வைக்காதீர்கள், அது நர்ஸ் சம்பளத்திலிருந்துதான் போகும்.

என்ன எழுதினாலும், சட்டத்தின் கண்ணில் ஆக்குபையர், அதாவது ஆலைக்குப் பொறுப்பாளி, உங்கள் கம்பெனி டைரக்டர்தான். ஆய்வாளர் வந்தால் வென்டரைத் தேடமாட்டார்.

ஆர்டர் போட்டாயிற்று. முதல் மாதம் எதைப் பார்ப்பது?

வென்டர் காட்டும் மாதாந்திர பவர்பாயின்ட்டை நம்பி உட்காராதீர்கள். ராத்திரி ஷிப்டில், சொல்லாமல், இரண்டரை மணிக்குப் போங்கள். நர்ஸ் இருக்கிறாரா, ஆக்சிஜன் வால்வைத் திறக்கத் தெரிகிறதா, மருந்து அலமாரி சாவி அவரிடமே இருக்கிறதா என்று பாருங்கள். நான் போனபோது சாவி பகல் ஷிப்ட் நர்ஸின் ஹேண்ட்பேக்கில், ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் இருந்தது. மறுநாள் காலை செய்த முதல் வேலை, இரண்டாவது சாவி வெட்டியது.